துங் சிங் பார்க்கலாம் வாங்க: சீனப் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் குறிக்க முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் முதன்முதலாக வீடு வாடகைக்கு எடுத்தபோது, வீட்டுக்காரச் சீனப் பெரியவர் முன்பணத்தை வாங்கிக்கொண்டார், ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். சாவியை மட்டும் தரவில்லை. "நீ எந்த வருஷம் பிறந்தாய்?" என்று கேட்டார். சொன்னேன். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் நாலைந்து தாள்களைப் புரட்டிவிட்டு, "வியாழக்கிழமை காலையில் வா" என்றார். நாள் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பிறந்த வருடத்தை எதற்குக் கேட்டார் என்பதுதான் அன்றைக்குப் புரியவில்லை.

அந்தத் தாளை வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஒன்று தெளிவானது. "இன்றைக்கு நல்ல நாளா?" என்று கேட்டால் சீனப் பஞ்சாங்கம் பதில் சொல்லாது. எந்தக் காரியத்துக்கு, யாருக்கு, எத்தனை மணிக்கு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால்தான் சொல்லும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான். சீன எழுத்து தெரியாதவர்களுக்காக, முக்கியமான எழுத்துகள் பார்க்க எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். ஐந்தாறு எழுத்து அடையாளம் தெரிந்தால் போதும்.

முதலில், கையில் இருப்பது என்ன?

மாண்டரினில் இதற்கு ஹுவாங் லி என்று பெயர். கேன்டனீஸ் பேசுபவர்கள் துங் சிங் என்பார்கள். பழைய பெயர் துங் ஷு, 'எல்லாம் அடங்கிய புத்தகம்' என்ற பொருளில். ஆனால் கேன்டனீஸில் புத்தகம் என்ற சொல்லும் 'தோற்பது' என்ற சொல்லும் ஒரே ஒலி. வருடம் முழுக்கக் கையில் வைத்திருக்கும் புத்தகத்துக்கு 'எல்லாவற்றிலும் தோல்வி' என்றா பெயர் இருப்பது? எனவே 'வெற்றி' என்று பொருள்படும் சிங் என்று மாற்றிவிட்டார்கள்.

இது மூன்று வடிவங்களில் கிடைக்கும். சிவப்பு அட்டை போட்ட தடிப் புத்தகம், நாள்தோறும் கிழிக்கும் காலண்டர், கைப்பேசிச் செயலி. முதல் முறை பார்ப்பவர்களுக்குக் கிழிக்கும் காலண்டரே வசதி. ஒரு நாளுக்கு ஒரு தாள், வேண்டியது எல்லாம் அதிலேயே இருக்கும்.

வழக்கம் மிகப் பழையது. 1975-இல் ஹூபெய் மாகாணத்தில் ஷூய்ஹூதி என்ற இடத்தில், கி.மு. 217 வாக்கில் புதைக்கப்பட்ட சின் காலத்து அதிகாரி ஒருவரின் கல்லறையில் மூங்கில் சுவடிகள் கிடைத்தன. சட்டச் சுவடிகளோடு நாள் பார்க்கும் சுவடிகளும் இருந்தன. இன்று காலண்டரில் அச்சாகும் பன்னிரண்டு நாள் முறை, கொஞ்சம் வேறு வடிவத்தில், அதிலேயே இருக்கிறது. அச்சிட்ட பஞ்சாங்கங்களில், வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங்கில் கிடைத்த 877-ஆம் ஆண்டுப் பிரதி இப்போது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

படி 1: இரண்டு மாதங்களைப் பிரித்துப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். அதனால் இதை முதலில் வைக்கிறேன்.

தாளில் பெரிய எண்ணாக இருப்பது ஆங்கிலத் தேதி. அதன் அருகில் சிறியதாக இருப்பது சந்திரத் தேதி. அமாவாசை நாளே மாதத்தின் முதல் நாள். மாதத்துக்கு 29 அல்லது 30 நாள். பௌர்ணமி பதினைந்தையொட்டி வரும். சூரியனோடு ஒத்துப்போவதற்காக 19 வருடத்தில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாக வரும். தெலுங்குப் பஞ்சாங்கத்தின் அதிக மாசம் தெரிந்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. சங்கராந்தி விழாத சந்திர மாதம் அங்கே அதிக மாசம் ஆவதுபோல, 'ஜுங் சி' என்ற சூரியப் புள்ளி விழாத மாதம் இங்கே கூடுதல் மாதம். 2025-இல் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது இப்படித்தான்.

பண்டிகைகளுக்கும் பிறந்த நாளுக்கும் இந்தச் சந்திரத் தேதி பயன்படும். நல்ல நாள் கணக்குக்கு வேறு மாதம். அது சூரியனை வைத்து ஓடுகிறது. ஆண்டை 24 பருவப் புள்ளிகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பன்னிரண்டு புள்ளிகளில் பஞ்சாங்க மாதம் தொடங்கும். பிப்ரவரி 4 வாக்கில் வரும் லிச்சுன் என்ற புள்ளியன்று புலி மாதம் பிறக்கும். மார்ச் 5 அல்லது 6-இல் முயல் மாதம், ஏப்ரல் 4 அல்லது 5-இல் டிராகன் மாதம். இப்படியே பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி, எலி, மாடு என்று ஜனவரி வரை போகும். நமக்குச் சித்திரை, வைகாசி எல்லாம் சூரிய மாதம், திதி மட்டும் சந்திரக் கணக்கு. அதே இரட்டை ஓட்டம்தான்.

சரி, இதனால் என்ன? சந்திர மாதம் மாறியதும் நாளின் குணமும் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது மாறுவது பருவப் புள்ளி விழும் அன்றுதான்.

படி 2: நாளின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு நாளுக்கும் இரண்டெழுத்துப் பெயர் உண்டு. முதல் எழுத்து பத்து 'வானத் தண்டு'களில் ஒன்று: ஜியா, யி, பிங், திங், வூ, ஜி, கெங், ஷின், ரென், குய். இரண்டாம் எழுத்து பன்னிரண்டு 'மண் கிளை'களில் ஒன்று. கிளைகளுக்குத் தனிப்பெயர் இருந்தாலும் ஆளுக்கொரு விலங்கு துணைக்கு நிற்பதால், விலங்கை வைத்தே சொல்லிவிடலாம். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றினால் 60 நாளுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும். நம் பிரபவ, விபவ வரிசையும் அறுபதுதான், ஆனால் அது வருடத்துக்கு மட்டும். சீனர்கள் வருடம், மாதம், நாள், நேரம் நான்குக்குமே இந்த அறுபதை ஓட்டுகிறார்கள்.

இதை நீங்கள் கணக்குப் போட வேண்டாம், தாளில் அச்சாகியிருக்கும். அன்றைய விலங்கு எது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

படி 3: 'யி', 'ஜி' இரண்டு பத்திகள்

தாளின் கீழ்ப்பாதியில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்றின் தலையில் 'யி' என்ற எழுத்து: மேலே கூரை, அதற்கடியில் ஒரு சின்ன ஏணி நிற்பதுபோல இருக்கும். 'செய்யத் தகும்' என்று பொருள். இன்னொன்றின் தலையில் 'ஜி': கீழ்ப்பாதியில் இதயத்தைக் குறிக்கும் எழுத்து, ஒரு வளைகோடும் சில புள்ளிகளுமாக. 'தவிர்க்க' என்று பொருள்.

பட்டியலில் வரும் சொற்கள் ஒரு பழைய கிராமத்தின் வேலைப் பட்டியல்போல இருக்கும். பெண் கேட்டுச் சீர் அனுப்புவது, கல்யாணம், குடிபுகுதல், கட்டில் போடுதல், அடுப்பு அமைத்தல், உத்தரம் ஏற்றுதல், கடை திறத்தல், பத்திரம் எழுதுதல், பயணம், முடிவெட்டு, வலை பின்னுதல், வேட்டை, கால்நடை வாங்குதல். இன்றைக்கு கார் வாங்குகிறவர் எதைப் பார்ப்பது? பெரும்பாலும் 'வியாபாரம்', 'பயணம்' இரண்டையும் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கடன் கையெழுத்து 'பத்திரம் எழுதுதல்' கணக்கில் சேரும்.

ஒரே நாளில் கல்யாணமும் சவ அடக்கமும் 'தகும்' பட்டியலில் சேர்ந்து வருவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். காரியத்துக்குத்தான் நாளே தவிர நாளுக்கு ராசி கிடையாது.

ஒரு ஜோடிச் சொல்லை மட்டும் மறக்காதீர்கள். 'தொங் து', 'போ து'. இரண்டிலும் கடைசி எழுத்து மண்: ஒரு நெட்டுக்கோடு, இரண்டு குறுக்குக்கோடு. முதலாவது, வாழும் மனிதருக்கு வீடு கட்ட மண்ணைத் தொடுவது. இரண்டாவது, கல்லறைக்குக் குழி தோண்டுவது. பேச்சுவழக்கில் இரண்டையும் மாற்றிப் பேசுகிறவர்கள் சீனர்களிலேயே உண்டு. வாஸ்து பூஜைபோல ஒரு பூமிபூஜைக்கு நாள் தேடுகிறீர்கள் என்றால் 'தொங் து' இருக்கிறதா என்றே பாருங்கள்.

பட்டியலுக்குப் பதிலாக நான்கே எழுத்து அச்சாகியிருந்தால் அன்றைக்கு 'எந்தக் காரியத்துக்கும் ஆகாது' என்று பொருள். அன்றைக்குக் காலண்டரை மூடிவைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

படி 4: மோதல், அதாவது உங்கள் விலங்கு

வீட்டுக்காரப் பெரியவர் என் பிறந்த வருடத்தைக் கேட்டது இதற்காகத்தான்.

பன்னிரண்டு விலங்குகளையும் கடிகார முகம்போல வட்டமாக நிறுத்தினால், எதிரெதிரே நிற்பவை மோதும். எலி–குதிரை, மாடு–ஆடு, புலி–குரங்கு, முயல்–சேவல், டிராகன்–நாய், பாம்பு–பன்றி. இன்று குரங்கு நாள் என்றால் புலி வருடத்தில் பிறந்தவர்களுக்கு ஆகாது. தாளில் 'சோங்' என்ற எழுத்தோடு அந்த விலங்கின் பெயர் இருக்கும். சோங் எழுத்தின் வலப்பக்கம், ஒரு சதுரத்தின் நடுவே கோடு ஒன்று துளைத்துப் போவதுபோல இருக்கும். நம் தினசரி காலண்டரில் 'சந்திராஷ்டமம்' என்று போட்டு நட்சத்திரம் குறிப்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. எத்தனை நல்ல நாளாக இருந்தாலும் காரியத்தின் தலைவருக்கு மோதல் என்றால் அந்த நாள் கழிந்தது.

யார் தலைவர்? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் இருவரும். இரு தரப்புப் பெற்றோரையும் சேர்த்துப் பார்க்கும் வீடுகள் உண்டு. கடைக்கு முதலாளி. வீட்டுக்குக் குடும்பத் தலைவரும் மனைவியும் கட்டாயம், பிள்ளைகள் முடிந்தவரை. மோதல் உள்ள விருந்தினர்கள் அந்த நல்ல நேரத்தில் மட்டும் ஒதுங்கி நின்றுவிட்டு அப்புறம் வந்து கலந்துகொள்வார்கள். சீனர் வீட்டுத் துக்கத்தில், பெட்டியை மூடும் நேரத்தில் இன்னின்ன வருடத்தில் பிறந்தவர்கள் திரும்பி நிற்கவும் என்று சொல்வதைக் கேட்டிருந்தால், அதுவும் இதே கணக்குதான்.

உங்கள் விலங்கைக் கண்டுபிடிப்பது சுலபம். 2008 எலி வருடம், அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளலாம். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் மட்டும் கவனம். சீனப் புத்தாண்டுக்கு முன் பிறந்திருந்தால் முந்தைய வருட விலங்கு. ஜாதகம் கணிப்பவர்கள் புத்தாண்டுக்குப் பதில் லிச்சுனை எல்லையாக வைப்பார்கள்.

மோதலோடு ஒட்டியே ஒரு திசையும் அச்சாகியிருக்கும், அது 'ஷா'. குரங்கு, எலி, டிராகன் நாட்களில் தெற்கு. புலி, குதிரை, நாய் நாட்களில் வடக்கு. பாம்பு, சேவல், மாடு நாட்களில் கிழக்கு. பன்றி, முயல், ஆடு நாட்களில் மேற்கு. நம் சூலம்போலத்தான், ஆனால் வெல்லமோ தயிரோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் பரிகாரம் இங்கே இல்லை. அந்தத் திசையில் இடிப்பது, தோண்டுவது வேண்டாம்.

படி 5: பன்னிரண்டு அதிகாரிகள்

ஷூய்ஹூதி சுவடியிலேயே இருந்ததாகச் சொன்னேனே, அந்த முறை இதுதான். ஒவ்வொரு நாளுக்கும் பன்னிரண்டில் ஓர் எழுத்து வரிசையாக வரும். பொருளைத் தெரிந்துகொண்டால் பலனை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஜியென் – நிறுவுதல். பதவி ஏற்க, பயணம் தொடங்க நல்லது. மண்ணைத் தோண்ட ஆகாது.
சூ – அகற்றுதல். வீடு சுத்தம் செய்ய, முடிவெட்ட, மருந்து எடுக்க.
மான் – நிறைதல். சேமிக்க, வேண்டுதலுக்கு.
பிங் – சமமாதல். சுவர் பூச, பாதை செப்பனிட. பெரிய காரியத்துக்கு வேண்டாம்.
திங் – நிலைத்தல். நிச்சயம் செய்ய, ஒப்பந்தம் போட. வழக்குக்கும் பயணத்துக்கும் ஆகாது.
ட்ஷி – பிடித்தல். வேட்டைக்கும் திருடனைப் பிடிக்கவும்.
போ – உடைதல். பழைய வீட்டை இடிக்கலாம், நோய்க்கு வைத்தியம் பார்க்கலாம். வேறெதுவும் வேண்டாம்.
வெய் – ஆபத்து. உயரத்தில் ஏறாதீர்கள். ஆனால் கட்டில் போடலாம்.
செங் – நிறைவேறுதல். கல்யாணம், கடை திறப்பு எல்லாவற்றுக்கும். வழக்குக்கு மட்டும் கூடாது.
ஷோ – சேகரித்தல். கடன் வசூலிக்க, அறுவடைக்கு.
காய் – திறத்தல். புதிதாக எதைத் தொடங்கவும். அடக்கத்துக்கு ஆகாது.
பீ – மூடுதல். கரை கட்ட, ஓட்டை அடைக்க.

'ஆபத்து' என்று பெயர் வைத்த நாளில் கட்டில் போடலாம் என்பது எனக்கு இன்னும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. படுத்துவிட்டால் அதற்கு மேல் விழ இடமில்லை என்று நினைத்தார்களோ என்னவோ.

இதன் கணக்கு அழகானது. மாதத்தின் விலங்கும் நாளின் விலங்கும் ஒன்றாக இருக்கும் நாள் ஜியென். அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டே போகலாம். நாய் மாதத்தில் நாய் நாள் ஜியென், பன்றி நாள் சூ, எலி நாள் மான். ஏழாவதாக வரும் போ நாள் எப்போதும் மாத விலங்குக்கு நேர் எதிர் விலங்காகவே இருக்கும். மோதல் விதியும் இதுவும் ஒரே வட்டம்தான். பருவப் புள்ளி விழும் அன்று மாதம் ஒரு அடி நகர்வதால் முந்தைய நாளின் எழுத்தே மறுபடி வரும். 2026 அக்டோபர் 8 அன்று ஹான் லு என்ற பருவப் புள்ளி, நாய் மாதப் பிறப்பு. 7-ஆம் தேதியும் ட்ஷி, 8-ஆம் தேதியும் ட்ஷி. உங்கள் செயலி சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

இதற்கு மேல் 'மஞ்சள் பாதை', 'கருப்புப் பாதை' என்று இன்னொரு பன்னிரண்டும் ஓடும். ஆறு நல்லது, ஆறு கெட்டது. நீல டிராகன், தங்கப் பெட்டி போன்றவை மஞ்சள். வெள்ளைப் புலி, வானச் சிறை போன்றவை கருப்பு. அதிகாரி நல்லவராகவும் பாதை மஞ்சளாகவும் இருந்தால் முதல் தரம். இரண்டும் முரண்பட்டால் செங், காய் இரண்டையும் பாதை பார்க்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்பது பழைய வாய்ப்பாடு.

படி 6: நட்சத்திரமும் பெங் சூவும், சும்மா ஒரு பார்வை

தாளில் 28 நட்சத்திர வீடுகளில் ஒன்றும் இருக்கும். நம் 27 நினைவுக்கு வரும், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நமக்கு அன்றைக்கு நிலவு எங்கே நிற்கிறதோ அதுதான் நட்சத்திரம். சீன நாட்காட்டியின் நட்சத்திரம் நிலவைப் பார்ப்பதே இல்லை, 28 நாளுக்கு ஒரு சுற்றாக எண்ணிக்கொண்டே போவது. 28 என்பது ஏழின் மடங்கு என்பதால் ஒவ்வொரு நட்சத்திரமும் எப்போதும் ஒரே கிழமையில்தான் வரும். 'ஃபாங்' என்றைக்கும் ஞாயிறு, அதன் முழுப்பெயரிலேயே சூரியன் இருக்கிறது.

கிழமைக் கணக்கு சீனாவுக்குப் போனதில் இந்தியர்களுக்குப் பங்கு உண்டு. 759-இல் அமோகவஜ்ரர் என்ற பௌத்தத் துறவி நட்சத்திரமும் கிழமையும் பார்க்கும் நூல் ஒன்றைச் சீனத்தில் ஆக்கினார். அவருடைய குரு வஜ்ரபோதி தென்னிந்தியாவிலிருந்து போனவர். அதற்கும் முன், சீனாவின் தாங் அரசவையில் வானியல் துறையை நடத்திய கௌதம சித்தர் என்ற இந்திய வம்சாவளியினர் நவக்கிரகக் கணிதத்தை 718-இல் மொழிபெயர்த்தார்.

பெங் சூ பல நூறு வருடம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு புராணக் கிழவர். அவர் பெயரால் ஒவ்வொரு தண்டுக்கும் கிளைக்கும் ஒரு தடை உண்டு. திங் தண்டு நாளில் (அதிகாரி திங் வேறு) தலையை மழிக்காதே, புண் வரும். யி தண்டு நாளில் நடாதே, ஆயிரம் நட்டாலும் வளராது. குய் நாளில் வழக்குக்குப் போகாதே, எதிரி பலசாலி. சேவல் நாளில் விருந்து வைக்காதே, குடித்துவிட்டுக் கூத்தடிப்பார்கள். எலி நாளில் குறி கேட்காதே. பாம்பு நாளில் தூரப் பயணம் வேண்டாம். பன்றி நாளில் கல்யாணம் வேண்டாம், மாப்பிள்ளைக்கு ஆகாது. பலர் இதை வாசித்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கல்யாணத் தடையை மட்டும் சில வீடுகளில் விடாமல் பார்ப்பார்கள்.

படி 7: யாருக்கும் ஆகாத நாட்களைக் கழியுங்கள்

நாள் பார்ப்பது பெரும்பாலும் கழித்தல் கணக்கு. இவற்றை எடுத்த எடுப்பில் அடித்துவிடலாம். மாத விலங்குக்கு எதிரான போ நாள். வருட விலங்குக்கு எதிரான நாள், அதாவது குதிரை வருடமான 2026-இல் எலி நாட்கள். சம இரவு நாட்கள், சூரியன் திசை திரும்பும் கதிர்த்திருப்ப நாட்கள், நான்கு பருவத் தொடக்கங்கள் ஆகிய எட்டுக்கும் முந்தைய நாள். யாங் குங் நாட்கள் என்று நம் கரிநாள்போலத் தேதி குறித்து வைத்த பதின்மூன்று: முதல் மாதம் 13, இரண்டாம் மாதம் 11, மூன்றாம் மாதம் 9 என்று இரண்டிரண்டாகக் குறைந்து, ஏழாம் மாதத்தில் 1, 29 என இரு முறை வந்து, பிறகு எட்டாம் மாதம் 27 என்று தொடரும். கல்யாணத்துக்கும் குடிபுகவும் ஏழாம் மாதம் முழுவதையும் விட்டுவிடுவார்கள், அது ஆவிகளின் மாதம்.

லிச்சுன் விழாத சந்திர வருடத்தை 'குருட்டு வருடம்' என்று சொல்லிக் கல்யாணத்துக்கு ஒதுக்குவதும் உண்டு. 2024 பிப்ரவரி 10-இல் தொடங்கிய டிராகன் வருடம் அப்படி ஒன்று. அடுத்து வந்த பாம்பு வருடத்தில் இரண்டு லிச்சுன்.

படி 8: நேரம்

ஒரு நாளுக்குப் பன்னிரண்டு நேரம், ஒவ்வொன்றும் இரண்டு மணி. இரவு 11 முதல் 1 வரை எலி நேரம், 1 முதல் 3 வரை மாடு. அப்படியே காலை 7 முதல் 9 வரை டிராகன், 9 முதல் 11 வரை பாம்பு. தாளில் ஒவ்வொரு நேரத்துக்கும் கீழே 'ஜி' அல்லது 'ஷியுங்' என்று போட்டிருக்கும். இந்த ஜி 'நல்லது', முன்னே பார்த்த தவிர்க்கச் சொல்லும் ஜி அல்ல. கீழ்ப்பகுதியில் ஒரு சதுரம் இருக்கும். ஷியுங் எழுத்து, மேற்புறம் திறந்த பெட்டிக்குள் பெருக்கல் குறி போட்டதுபோல இருக்கும். பார்த்தாலே ஆகாது என்று தெரியும். நேரத்துக்கும் விலங்கு இருப்பதால் அதற்கும் மோதல் பார்க்க வேண்டும்.

கோலாலம்பூர் கடிகாரம் பெய்ஜிங் கடிகாரத்தோடு ஒன்று. ஆனால் சூரியன் இங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கித்தான் உச்சிக்கு வருகிறது. கறாரான ஜோதிடர்கள் இதைக் கழித்துக் கணிப்பார்கள். வீடுகளில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள். என் யோசனை, இரண்டு மணி நேரத்தின் பின்பாதியை எடுத்துக்கொண்டால் இரண்டு கணக்கிலும் பெரும்பாலும் தப்பாது.

ஒரு வீட்டுக்குக் குடிபோவோம்

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முறை செய்து பார்ப்போம். 2026 அக்டோபர், ஞாயிறு மட்டும்தான் லீவு. குடும்பத்தில் கணவர் 1983 நடுவில் பிறந்தவர், பன்றி. மனைவி 1985 நடுவில், மாடு. பையன் 2010 கடைசியில், புலி.

அக்டோபர் 4 பன்றி நாள், இன்னும் சேவல் மாதம். அதிகாரி மான், பாதை கருப்பு. இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். அக்டோபர் 11 குதிரை நாள், செங். நல்ல அதிகாரி, ஆனால் பாதை கருப்பு. மோதல் எலிக்கு, இவர்களில் யாருக்கும் இல்லை. இரண்டாம் தரமாக வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் 18 மாடு நாள், பிங், பாதை கருப்பு. அன்றைக்கு ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி, சோங்யாங் திருநாளும்கூட, பலர் கல்லறைக்குப் போகும் நாள். வேண்டாம். அக்டோபர் 25 ரென்–குரங்கு நாள், காய். பாதை தங்கப் பெட்டி, மஞ்சள். நான்கில் இதுதான் முதல் தரம். சந்திரத் தேதி ஒன்பதாம் மாதம் 16, யாங் குங் நாளும் இல்லை.

இரண்டு சிக்கல் இருக்கிறது. குரங்கு நாள் புலியோடு மோதும், பையன் புலி. தலைவரும் மனைவியும் தப்பிவிட்டதால் நாளைக் கழிக்க வேண்டாம், பையன் மட்டும் அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்கட்டும். இன்னொன்று பெங் சூ: குரங்கு நாளில் கட்டில் போடாதே, ஆவி அறைக்குள் வரும் என்கிறார். இதற்காக ஒரு வாரம் பின்னால் போய்ப் பார்த்தால் அக்டோபர் 19, புலி நாள், திங், பாதை மஞ்சள், மோதல் குரங்குக்கு. கட்டிலை மட்டும் அன்றே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம், யாரும் படுக்க வேண்டாம். அக்டோபர் 22 வெய் நாள், கட்டிலுக்குப் பெயர்போனது. ஆனால் அது பாம்பு நாள், கணவர் பன்றி, போச்சு.

அன்றைக்கு எந்தத் தெய்வம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதும் பஞ்சாங்கத்தில் இருக்கும், அதைப் பார்த்தால் வேடிக்கை. ரென் நாளில் மகிழ்ச்சி தெய்வமும் தெற்கு, செல்வ தெய்வமும் தெற்கு, ஷாவும் தெற்கு. மூன்று பேரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். தெற்குச் சுவரில் அன்றைக்குத் துளை போடாமல் இருந்தால் போதும்.

இனி நேரம். நாளைப்போல நேரத்துக்கும் மஞ்சள், கருப்புப் பாதை உண்டு. குரங்கு நாளில் பகல்நேர மஞ்சள் நேரங்கள் டிராகன், பாம்பு, ஆடு மூன்றும். பாம்பு நேரம் பன்றியோடு மோதும், கணவருக்கு ஆகாது. மதியம் 1 முதல் 3 வரை ஆடு நேரம், மாட்டோடு மோதும், மனைவிக்கு ஆகாது. மிஞ்சுவது காலை 7 முதல் 9.

வேறொரு பதிப்பகத்தின் காலண்டரில் இதே நாளுக்கு வேறு மாதிரி போட்டிருக்கலாம். கணிக்கும் மரபுகள் பல. இந்த வேறுபாடு ஒரு காலத்தில் தலை போகிற விஷயம். ஷுன்ஜ்ஷி பேரரசரின் கைக்குழந்தை 1658-இல் இறந்தபோது அதற்கு அடக்க நேரம் குறித்ததில் தவறான முறையைப் பின்பற்றினார்கள் என்பது, அரச வானியல் துறைத் தலைவராக இருந்த ஜெர்மன் பாதிரியார் ஆடம் ஷால்மீது 1664-இல் யாங் குவாங்ஷியென் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஷாலுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பெய்ஜிங்கில் நிலநடுக்கம் வந்ததால் அவர் தப்பினார், அவரோடு வேலை பார்த்த சீன அதிகாரிகள் ஐந்து பேர் தப்பவில்லை. நமக்கு அவ்வளவு இல்லை. ஒரே காலண்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள், நாலைப் புரட்டிப் பிடித்த பதிலைத் தேடாதீர்கள்.

ஆக அக்டோபர் 25, காலை எட்டு, எட்டரை. மலேசியச் சீனர் வீடுகளில் முதலில் உள்ளே போவது அரிசிப் பானை, விளிம்புவரை நிரப்பி. அடுப்பை மூட்டித் தண்ணீர் கொதிக்க வைப்பார்கள், நாம் பால் காய்ச்சுவதுபோல. ஹொக்கியென் வீடு என்றால் வாசலிலிருந்து ஓர் அன்னாசிப் பழத்தை உள்ளே உருட்டிவிடுவார்கள். அவர்கள் மொழியில் அதன் பெயர் 'ஓங் லாய்', கேட்க 'செழிப்பு வருகிறது' என்பதுபோல இருக்கும். பையன் கீழே கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு மேல் வரட்டும்.